உட்கூரையில் பழுப்புக் கறை: மேலே முழுக்கப் பூசிவிடலாமா?

#1 வழிப்போக்கன்

வணக்கம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வண்டிக்கு வயது 11, நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், கூரை வெள்ளை நிறம். போன மாதம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. அதன்பிறகு, கூரை ஏசிக்குச் சற்று முன்னால் உட்கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை தெரிந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. ஏசி வழியாகத்தான் இறங்குகிறது என்று நானே முடிவு கட்டி, குளியலறைக்கு வாங்கி மீந்திருந்த சிலிகோனை ஏசியைச் சுற்றி நான்கு பக்கமும் பிதுக்கிவிட்டேன்.

அடுத்த மழையில் கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஓரத்தில் பழுப்பு வளையம் வேறு.

கூரைப் பூச்சு ஒரு வாளி வாங்கி ரோலரால் முழுக்கப் பூசிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். இரண்டு நாள் விடுமுறை இருக்கிறது. பூசிவிடலாமா? இன்னொரு கேள்வி: கூரையில் ஆள் ஏறி நிற்கலாமா கூடாதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் தடவை யோசிக்காமல் ஏறிவிட்டேன், இப்போதுதான் பயம் வருகிறது.

#2 தச்சுப்பட்டறை

வாளியை வாங்காதீர்கள் தம்பி. இன்னும் வேண்டாம்.

கறை இருக்கும் இடம் தண்ணீர் வெளியே வந்த இடம். அது உள்ளே புகுந்த இடம் வேறு எங்கோ இருக்கும். கேரவன் கூரைக்குள் மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு, அதன் கீழே மெல்லிய ப்ளைவுட், அதன் கீழே குறுக்குச் சட்டங்கள், இடையில் பஞ்சு அல்லது தெர்மாகோல், நடுவே மின்கம்பிகள் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. உள்ளே புகுந்த தண்ணீர் நேராகச் சொட்டுவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கும், சட்டத்தின் மேல் தேங்கி நிற்கும், பிறகு எங்கே துளை கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். கூரையில் உள்ள பெரிய துளைகளில் ஒன்று ஏசிக்காக வெட்டியது. அதனால் ஊரில் உள்ள ஒழுகல் எல்லாம் ஏசியின் தலையில் விழும்.

நான்கு விஷயம் சொல்லுங்கள். கூரை என்ன பொருள்? வண்டி நிற்கும் இடத்தில் முன்பக்கம் உயரமா, பின்பக்கம் உயரமா? மழையில் மட்டும்தான் நனைகிறதா, வெயில் நாளில் ஏசி ஓடும்போதும் நனைகிறதா? கறை உள்ள இடத்தை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா?

சிலிகோன் கதையைப் பிறகு பேசுவோம்.

#3 ஏணிப்படி

சிலிகோனா? ஐயோ.

#4 வழிப்போக்கன்

» சிலிகோனா? ஐயோ.

இந்த ஒரு வரிக்கு விளக்கம் தேவை நண்பரே, இரவு தூக்கம் வராது.

தச்சுப்பட்டறை ஐயாவுக்குப் பதில்: கூரை என்ன பொருள் என்று தெரியவில்லை, வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. வண்டி நிற்கும் தரை சரிவானது. முன்பக்கம், அதாவது காரில் மாட்டும் கொக்கிப் பக்கம், கொஞ்சம் உயரமாக இருக்கிறது. மழையில் மட்டும்தான் நனைகிறது. கறை அமுங்கவில்லை. ஆனால் தட்டினால் மற்ற இடத்தைவிட மந்தமாகச் சத்தம் வருகிறது.

#5 ஏணிப்படி

விளக்கம் இதோ. காய்ந்த சிலிகோன் மேல் எதுவும் ஒட்டாது. கூரைக்கென்றே வரும் சீலண்ட் (இடைவெளி அடைக்கும் பசை) ஒட்டாது, நாடா ஒட்டாது, பூச்சு ஒட்டாது, புதிய சிலிகோன்கூடச் சரியாகப் பிடிக்காது. ரப்பர் கூரையோடு அதற்கும் நல்ல பிடிப்புக் கிடையாது; சில மாதங்களில் ஓரம் கிளம்பி, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பூசியதை முழுவதும் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். அந்த இடத்தில் வேறு எதைச் செய்தாலும் அதற்குப் பிறகுதான்.

அதோடு, ஏசியைச் சுற்றி வெளியே எதையும் பூசவே கூடாது. ஏசிக்கும் கூரைக்கும் நடுவே கேஸ்கெட் என்ற தடித்த நுரை அடைப்பு வளையம் ஒன்று இருக்கிறது. உள்ளேயிருந்து நான்கு போல்ட்டுகள் ஏசியைக் கீழே இழுத்து அந்தக் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிக்கின்றன. அடைப்பது அந்த அழுத்தம்தான். வெளியே வளையம் போட்டால் ஏசியிலிருந்து இயல்பாக வடியும் நீரும் போக வழியில்லாமல் துளைப் பக்கமே திரும்பும். போன தடவை கறை வளர்ந்ததற்கு உங்கள் சிலிகோனும் கொஞ்சம் துணை போயிருக்கலாம்.

கூரையில் ஏறுவது பற்றி. தயாரிப்பாளரே வண்டியின் பின்புறம் ஏணி பொருத்தியிருந்தால் பெரும்பாலும் ஏறலாம். ஏணி இல்லையென்றால் கையேட்டில் பார்க்காமல் ஏறாதீர்கள். ஏறினாலும் நடக்காதீர்கள். அகலமான ப்ளைவுட் பலகைகள் இரண்டை மேலே கொண்டுபோய், ஒன்றின் மேல் மண்டியிட்டு, அடுத்ததை முன்னால் நகர்த்திப் போங்கள். எடை பரவும், சட்டங்களுக்கு இடையே ப்ளைவுட் தொய்யாது. பலகையின் அடியில் பழைய கம்பளம் ஒட்டிக்கொண்டால் விரிப்பு கிழியாது.

பனி காயாத காலையில் ஏறவே ஏறாதீர்கள். வெள்ளை ரப்பர் மேல் ஈரம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். எனக்கு மணிக்கட்டில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. கூரைக்கு வாங்கியவை அல்ல.

#6 மழைமானி

ஆறு வருடமாக, வீடாகவே அமைந்த மோட்டார்ஹோம் வண்டியிலேயே குடியிருக்கிறேன். கூரைப் பொருளைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மேலே போகவே வேண்டாம். உள்ளே இருந்து காற்றுப்போக்கி விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றுங்கள். நான்கைந்து திருகாணிகள்தான். வெட்டிய துளையின் ஓரத்தில் கூரை விரிப்பின் முனை மடங்கித் தெரியும். மேலே வெள்ளை, அடியில் கறுப்பு என்றால் ஈ.பி.டி.எம். ரப்பர். அடியில் துணி நெய்தது போலவோ கம்பளி போலவோ இருந்தால் பெரும்பாலும் டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகை. விரிப்பே இல்லாமல் கெட்டியான தகடாக இருந்தால் ஃபைபர்கிளாஸ். அலுமினியத்தைச் சொல்லத் தேவையில்லை, தட்டினாலே தெரிந்துவிடும்.

மேலே ஏறினால் இன்னொரு சோதனை: உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளை மாவாக வந்தால் ரப்பர்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். வெயிலில் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகி உதிர்வது அந்த வகையின் இயல்பு. மழைக்குப் பிறகு வண்டியின் பக்கச்சுவர்களில் வெள்ளைக் கோடுகள் இறங்குவதும் அதனால்தான்.

பொருள் எது என்பது ஏன் முக்கியம் என்றால், ரப்பரை எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பதில் ஏமாறக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த கரைப்பான், எலுமிச்சை எண்ணெய் கலந்த கிளீனர் எதுவும் ஈ.பி.டி.எம். மேல் படக்கூடாது. அது எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும், அடியில் உள்ள பசையும் விட்டுவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் நடுத்தரமான தூரிகையும் போதும்.

#7 இரட்டைப்பூச்சு

எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள். நான் என் வண்டிக் கூரைக்கு ஐந்து வருடம் முன்பு பூச்சு அடித்தேன், இரண்டு கோட். அன்றிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. கோடையில் உள்ளே சூடும் குறைந்தது. கூரையில் எங்கே ஓட்டை என்று மாதக்கணக்கில் துப்பறிவதைவிட முழுவதையும் மூடிவிடுவது புத்திசாலித்தனம்.

#8 தச்சுப்பட்டறை

இரட்டைப்பூச்சு அவர்களே, பூசுவதற்கு முன் என்ன செய்தீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

#9 இரட்டைப்பூச்சு

கழுவினேன். பழைய சீலண்ட் வெடித்த இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். இரண்டு காற்றுப்போக்கிகளைக் கழற்றி அடியில் நாடா மாற்றினேன். பூச்சு நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் ப்ரைமர் அடித்தேன். மூன்று நாள் காயவிட்டேன். பிறகுதான் பூச்சு.

#10 தச்சுப்பட்டறை

ஆக, உங்கள் ஒழுகலை நிறுத்தியது முதல் மூன்று வேலை. பெயர் மட்டும் வாளிக்குப் போய்விட்டது.

பூச்சுக்கு நான் எதிரி இல்லை. தேய்ந்து பொடியாகும் விரிப்புக்கு அது மேலும் சில வருடம் கொடுக்கும். ஆனால் கூரை நடுவில் ஒழுகுவது அபூர்வம், கிளை கிழித்தால் ஒழிய. ஒழுகுவது எப்போதும் துளையிலும் இணைப்பிலும்தான். வண்டி ஓடும்போது கூரையும் முன்சுவரும் தனித்தனியாக அசைகின்றன. வெயிலில் விரிகின்றன, இரவில் சுருங்குகின்றன. அந்த இடைவெளியின் மேல் அரை மில்லிமீட்டர் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? அதைவிட மோசம், அடியில் ப்ளைவுட் நனைந்திருக்கும்போது பூசுவது. ஈரத்தை உள்ளே வைத்து மூடி முத்திரை குத்துகிறீர்கள். அது வெளியே வர முடியாமல் மரத்தைத் தின்னும்.

இன்னொன்று: சிலிகோன் வகைப் பூச்சு ஒருமுறை அடித்தால், வாழ்நாள் முழுவதும் அதன் மேல் சிலிகோன் பூச்சு மட்டும்தான் பிடிக்கும். அக்ரிலிக் வகைக்கு வேறு குறை, தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் அது ஊறி உரியும். வாளியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

#11 இரட்டைப்பூச்சு

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடையில் சூடு குறைந்தது உண்மை.

#12 வழிப்போக்கன்

சனிக்கிழமை முழுவதும் இதே வேலை. விசிறிச் சட்டத்தைக் கழற்றினேன், விரிப்பின் அடிப்பக்கம் கறுப்பு. ஈ.பி.டி.எம். ரப்பர்தான். மழைமானி அக்காவுக்கு நன்றி.

பிறகு ஏசியின் உள்மூடியைக் கழற்றினேன். 14 அங்குலச் சதுரத் துளை, நான்கு மூலையிலும் நீண்ட போல்ட்டுகள். டார்ச் அடித்துப் பார்த்தால், கேஸ்கெட்டின் உள்பக்கம் நான்கு புறமும் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ஆனால் துளையின் முன்பக்க ஓரத்தில், ப்ளைவுட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே, மின்கம்பி வரும் இடத்தில், மரம் தேநீர் ஊற்றியது போல் கறுத்திருக்கிறது. பஞ்சைத் தொட்டால் சில்லென்று ஈரம். கடைசி மழை பெய்து ஒன்பது நாள் ஆகிறது.

அப்படியென்றால் ஏசி நிரபராதியா?

#13 மழைமானி

நிரபராதிதான். தண்ணீர் முன்னாலிருந்து கம்பி வழியாக வந்திருக்கிறது. உங்கள் வண்டியின் முன்பக்கம் உயரம், அதனால் முன்னால் புகுந்த நீர் பின்னோக்கி நடந்து ஏசித் துளையில் விழுந்திருக்கிறது. தச்சுப்பட்டறை ஐயா சரிவைக் கேட்டது இதற்காகத்தான். சரிவு மாறியிருந்தால் முன் படுக்கைக்கு மேலே கறை வந்திருக்கும். ஒருவேளை சுவருக்குள்ளேயே இறங்கி, வெளித்தகடு உப்பும் வரை உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஏசி அருகே சொட்டியது உங்கள் அதிர்ஷ்டம்.

அந்த போல்ட்டுகளை ஒரு கை பார்த்துவிடலாம் என்று முறுக்காதீர்கள். கேஸ்கெட் ஏறக்குறைய அரை அங்குலத் தடிமனுக்கு அமுங்கியிருந்தால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் நசுங்கி, பிறகு அது மேலெழும்பாது.

இப்போது குழாய்ச் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே தோட்டக் குழாயோடு. வேகமாகப் பீய்ச்சக் கூடாது, மழை போல் மெதுவாக. அழுத்தக் கழுவி எந்திரம் பக்கமே போகாதீர்கள், நல்ல சீலண்டையும் அது கிளப்பிவிடும். தாழ்வான இடத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். உங்களுக்கு வரிசை: முதலில் ஏசிக்குப் பின்னால், பிறகு ஏசியைச் சுற்றி, பிறகு முன்விசிறி, ஆன்டெனா, கடைசியில் முன்சுவர் இணைப்பு. ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம். பொறுமைதான் இங்கே கருவி.

சேவை நிலையங்களில் வேறு முறை வைத்திருக்கிறார்கள். காற்றுப்போக்கி ஒன்றில் ஊதுவிசிறியைப் பொருத்தி, மற்ற திறப்புகளை மூடி, வண்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றி, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே கதை.

#14 புதுச்சக்கரம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ரப்பர் கூரையில் நடுவே பலூன் போல் ஒரு உப்பல், வண்டி ஓடும்போது இன்னும் பெரிதாகிறதாம், பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இதுவும் ஒழுகலா?

#15 தச்சுப்பட்டறை

உப்பல் மட்டும் என்றால் ஒழுகல் இல்லை. அடியில் பசை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது பெரிதாகிறது என்றால் எங்கோ ஓரத்தில் காற்று உள்ளே போகிறது. காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். முன் ஓரத்தைப் பாருங்கள். பலூனைக் கத்தியால் கீறிக் காற்றை வெளியேற்றுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். இதற்கென்று தனி உரையாடல் தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

#16 வழிப்போக்கன்

கண்டுபிடித்துவிட்டோம்!

மனைவி உள்ளே, நான் மேலே. ஏசி: ஒன்றுமில்லை. விசிறி: ஒன்றுமில்லை. ஆன்டெனா: ஒன்றுமில்லை. முன்சுவர் இணைப்பில் தண்ணீர் விடத் தொடங்கி 11 நிமிடம் ஆனதும் உள்ளேயிருந்து குரல்: "கம்பியில் வருகிறது!"

இணைப்பு என்றால், கூரை விரிப்பு முன்னால் வந்து முன்சுவர் மேல் மடியும் இடம். அதன் மேல் குறுக்காக ஓர் அலுமினியப் பட்டை, பட்டையில் வரிசையாகத் திருகாணிகள், எல்லாவற்றையும் மூடிச் சீலண்ட். மேலிருந்து பார்த்தால் சீலண்ட் முழுதாக, வெடிப்பே இல்லாமல் இருக்கிறது. முதல் தடவை இதைத்தான் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று இறங்கிவிட்டேன். இப்போது பக்கவாட்டில் கன்னத்தைக் கூரையோடு வைத்துப் பார்த்தேன். நடுவில் கை நீளத்துக்குச் சீலண்ட் ரப்பரை விட்டு எழும்பி நிற்கிறது. பட்டை மேல் பிடித்திருக்கிறது, ரப்பர் மேல் பிடிக்கவில்லை. விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகினேன், பாதி உள்ளே போய்விட்டது. அந்த இடத்துத் திருகாணியை விரலால் திருப்பினேன், தானாகக் கையோடு வந்தது. மரையில் துரு, நுனியில் ஈர மரத்தூள்.

கறையிலிருந்து அந்த இடம் 2.4 மீட்டர். நாடா வைத்து அளந்தேன், நம்ப முடியாததால்.

#17 ஏணிப்படி

கன்னத்தைக் கூரையோடு வைத்துப் பார்த்தேன் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

#18 தச்சுப்பட்டறை

நல்ல வேலை தம்பி. உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள்.

திருகாணி கையோடு வந்தது என்றால் அடியில் மரம் போய்விட்டது. அதைப் பார்க்காமல் மேலே சீலண்ட் போட்டு மூடாதீர்கள். மொத்தப் பட்டையையும் கழற்றுங்கள். பழைய சீலண்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், இரும்பு வேண்டாம். பிடிவாதமான இடத்தில் வெப்ப ஊதியைக் குறைந்த சூட்டில், கையை ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பிறகு விரிப்பை முனையிலிருந்து மெல்ல உரித்துப் பின்னால் மடியுங்கள். மரம் நனைந்த இடத்தில் பசை விட்டிருக்கும், சுலபமாகவே வரும். நன்றாக ஒட்டியிருக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதுவே கெட்ட மரம் முடியும் எல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கூர்மையான குத்தூசியால் ப்ளைவுட்டைக் குத்திக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், கெட்டது விட்டுக்கொடுக்கும். எது போனது என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.

#19 வழிப்போக்கன்

திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கறுப்பு. 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். குத்தூசி ஈரக் கேக்கில் இறங்குவது போல் இறங்குகிறது. அடுக்குகள் புத்தகத்தின் பக்கம் போல் பிரிகின்றன. ஒரு வாசனை வந்தது, நனைந்த பழைய செய்தித்தாள்களின் வாசனை. அதைச் சுற்றி இன்னும் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறம், ஆனால் கெட்டியாக இருக்கிறது. கீழே உள்ள குறுக்குச் சட்டம் ஒன்றில் மேல்பாகம் மட்டும் மென்மையாக இருக்கிறது.

இதை நானே செய்ய முடியுமா? இல்லை, கொடுத்துவிட வேண்டுமா?

#20 தச்சுப்பட்டறை

ரம்பம் பிடித்துப் பழக்கம் உண்டா? இருந்தால் செய்யலாம். 40க்கு 25 என்பது சிறிய வேலைதான். கூரையின் கால்வாசி போயிருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

முதலில் காயவிடுங்கள். மேலே தார்ப்பாயைக் கூடாரம் போல், கூரையைத் தொடாமல் கட்டுங்கள், கீழே விசிறி வையுங்கள். அவசரப்படாதீர்கள். ஈரமானி கிடைத்தால் வண்டியின் வேறு நல்ல இடத்தில் ஒரு அளவு எடுத்து அதோடு ஒப்பிடுங்கள்.

காய்ந்ததும், கெட்ட பகுதியோடு நல்ல மரத்தில் இரண்டு விரற்கடை சேர்த்து நேர்கோடாக வெட்டுங்கள். ரம்பத்தின் ஆழத்தை ப்ளைவுட் தடிமனுக்கே வையுங்கள். பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் சுமார் இருக்கும், அளந்து பாருங்கள். அடியில் மின்கம்பி ஓடுகிறது, மறக்காதீர்கள். மின் இணைப்பையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு வெட்டுங்கள். மென்மையான சட்டத்தை முழுதாக எடுக்க வேண்டாம், கெட்ட மேல்பாகத்தைச் செதுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே புதுச் சட்டம் ஒன்றைப் பசை போட்டுத் திருகிவிடுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு அடியிலும் சிறு சட்டங்கள் வேண்டும், இல்லையென்றால் புதுப் பலகை எதன் மேல் உட்காரும்?

புதுப் பலகை பழையதன் அதே தடிமன். மேற்பரப்பு மட்டமாக வரவேண்டும். திருகாணித் தலை, மரச்சிம்பு எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு வருடத்தில் ரப்பரைத் துளைக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கையால் தடவிப் பார்த்துத் திருப்தியான பிறகே ரப்பர் கூரைக்கென உள்ள, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பசையைத் தடவி விரிப்பைத் திரும்ப ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரோலரால் அழுத்துங்கள்.

பட்டையைப் போடும்போது அடியில் பியூட்டைல் நாடா, அதாவது பிசின் போல் ஒட்டும் மெத்தென்ற ரப்பர் நாடா. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் தண்ணீரைத் தடுப்பது அடியில் நசுங்கிக் கிடக்கும் அந்தச் சாம்பல் நாடாதான். மேலே நாம் போடும் சீலண்ட் அதற்குக் குடை. திருகாணி துருப்பிடிக்காத எஃகு, பழைய துளைக்கு ஒரு விரற்கடை தள்ளி. பியூட்டைல் ஓரத்தில் பிதுங்கி வரும், அதை நறுக்கிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சீலண்ட். சமதளமான இடத்தில் தானாகப் பரவும் வகை, முன்சுவர் சரிவில் வழியாத வகை. பரவும் வகையைச் சரிவில் போட்டால் காலையில் அது ஜன்னலில் இருக்கும்.

குளிர் நாளில் போடாதீர்கள், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடிப்புக் குறையும். சில மணி நேரத்தில் மேலே ஆடை கட்டும், உள்வரை இறுக ஒரு மாதம்கூட ஆகலாம்.

#21 இரட்டைப்பூச்சு

இவ்வளவுக்குப் பதிலாக எட்டர்னாபாண்ட் மாதிரி 10 செ.மீ. அகல நாடாவை இணைப்பு முழுவதும் ஒட்டிவிட்டால்? நான் பின்பக்க இணைப்பில் அப்படித்தான் செய்தேன், இன்றுவரை அசையவில்லை.

#22 மழைமானி

நல்ல நாடாதான், என்னிடமும் ஒரு சுருள் எப்போதும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிளை கிழித்தபோது காப்பாற்றியது அதுதான். ஆனால் ஒட்டிய பிறகு எடுக்க முடியாது. பட்டையைக் கழற்ற வேண்டி வந்தால் ரப்பரோடு சேர்ந்துதான் வரும். மேடும் பள்ளமுமான பழைய சீலண்ட் மேல் ஒட்டினால் இடைவெளிகளில் தண்ணீர் ஊர்ந்து போகும். சுத்தமான, சமதளமான இடம் வேண்டும். பொடி உதிரும் பழைய ரப்பர் என்றால் ப்ரைமர் வேண்டும். ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வழிப்போக்கனுக்கு மரமே போயிருக்கிறது. அழுகிய மரத்தின் மேல் எந்த நாடாவும் நாடாவாகத்தான் இருக்கும்.

#23 வழிப்போக்கன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

காயவைக்க ஆறு நாள். வெட்டிப் புதுப் பலகை வைக்க ஒரு நாள். பலகையை இரண்டு தடவை வெட்டினேன், முதல் தடவை கோணல். விரிப்பை ஒட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது, கட்டைவிரல் நீளம், அது என் கையெழுத்து என்று விட்டுவிட்டேன். பட்டை, நாடா, திருகாணி, சீலண்ட் எல்லாம் சொன்னபடி. பட்டையை இறுக்கும்போது ஓரம் முழுவதும் பியூட்டைல் சீராகப் பிதுங்கி வந்தது பாருங்கள், அதைப் பார்க்கப் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உண்மையான தண்டனை என் சிலிகோன்தான். புதுப் பலகை வைக்க ஆன நேரத்தைவிட அதைச் சுரண்ட அதிக நேரம் ஆனது. பிளாஸ்டிக் சுரண்டி, பிறகு விரல் நகம், பிறகு சிலிகோன் நீக்கி கொஞ்சம், அதுவும் ரப்பருக்கு ஆகும் என்று எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்து, முதலில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் தடவிச் சோதித்துவிட்டு. ஒரு டியூபைப் பிதுக்க நாலு நிமிடம், எடுக்க ஒன்றரை நாள்.

கன்னத்தை வைத்துப் பார்க்கும் பழக்கத்தில் மற்ற இடங்களையும் பார்த்தேன். சமையலறைக் காற்றுப்போக்கியில் ஒரு மயிரிழை வெடிப்பு. கழிவுநீர்க் குழாயின் காற்றுத்தொப்பி வெயிலில் உலர்ந்து, தொட்டதும் உடைந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டேன். இனி எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

#24 மழைமானி

நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். அதோடு நீண்ட பயணத்துக்குப் பிறகும், மரத்தடியில் நின்ற பிறகும். ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் அதே கோணத்தில் புகைப்படம் எடுத்து வைக்கிறேன். வெடிப்பு வளர்கிறதா என்பது நினைவில் நிற்காது, படத்தில் நிற்கும். பழைய சீலண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை நோண்டி எடுக்க வேண்டியதில்லை. கழுவி, துடைத்து, அதே வகையை மேலே போட்டாலே போதும். பிளாஸ்டிக் மூடிகள், ஸ்கைலைட் (கூரை ஜன்னல்) ஓரங்களில் போடும்போது மட்டும் டியூபில் அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், சில கரைப்பான்கள் அதை வெடிக்க வைக்கும்.

சும்மா நிற்கும் காலத்தில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றில் அடித்து அடித்து ரப்பரைத் தேய்க்கும், அடியில் ஈரமும் தங்கும். காற்று புகும் துணியுறை நல்லது.

#25 தச்சுப்பட்டறை

இரட்டைப்பூச்சு அவர்களே, இப்போது நீங்கள் பேசலாம். கை வெள்ளையாகும் 11 வருட ரப்பர், இணைப்பெல்லாம் சரி, மரம் காய்ந்திருக்கிறது. சீலண்ட் இறுகிய பிறகு அவர் பூசிக்கொள்ளட்டும்.

#26 இரட்டைப்பூச்சு

வாளி வாங்க ஒரு மாதம் காத்திருக்க வைத்துவிட்டீர்கள்.

#27 வழிப்போக்கன்

நேற்று இரவு மழை. வேண்டுமென்றே வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன், ஏசி மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் டார்ச். ஜன்னல், காற்றுப்போக்கி எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டேன், எங்கிருந்தும் ஒரு துளி வரக்கூடாது என்று. அரை மணிக்கு ஒரு தடவை கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று மணிவரை உலர்ந்தே இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

கம்பி காய்ந்திருக்கிறது. ஏசித் துளையின் மரம் காய்ந்திருக்கிறது. ஆனால் சொட்டு விழுந்தது. எங்கே தவறு செய்தேன்?

#28 மழைமானி

ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் எப்படி இருந்தது?

#29 வழிப்போக்கன்

முழுக்க நீர்முத்து. வழிந்துகொண்டிருந்தது.

#30 மழைமானி

அது உங்கள் மூச்சுதான். இன்று இரவு காற்றுப்போக்கியை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.